நாற்பத்தோராம் கடிதம்

லில்லி சிஸ்டர் இறந்துபோன செய்தி வந்தபோது நான் பிள்ளைகளுக்கு வேகத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். பதினான்கு டைப்ரைட்டர்கள் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாராவது வந்து நின்றால் எனக்குக் கோபம் வரும். அம்பத்தூரில் என்னிடம் தட்டச்சு படித்தவர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். வந்து நின்றவர் பக்கத்து ஊரான பாடியில் லேத் ஓட்டுகிற முனுசாமி. பத்து நிமிடம் முடியட்டும் என்று கையைக் காட்டினேன். அவரும் நின்றார். மணியடித்து, தாள்களை வாங்கி அடுக்கிவிட்டுத்தான், "இன்னாண்ணே, வேலை நேரத்துல இந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"டீச்சரே, நம்ம சிஸ்டர் பூட்டாங்கோ. விடிகாலைல, தூக்கத்துலயே" என்றார். சொல்லும்போது வலது கைக் கட்டைவிரலை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். சில வருடங்களுக்கு முன்னால் மெஷினில் மாட்டிப் பாதி தொங்கிப்போன விரல் அது. தொழிற்சாலை நர்ஸான லில்லி அக்கா கட்டுப்போட்டு, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கூடப் போனதால் தப்பித்தது. அந்த மனிதரைப் பத்து நிமிடம் வாசலில் நிற்கவைத்தேனே என்று இன்றைக்கும் மனது உறுத்துகிறது.

உங்கள் சபையின் மாத மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி போதகர் ஐயா வந்து கேட்டார். "நான் உங்க சபைக்காரி இல்லையே ஐயா" என்றேன். "அதனாலதாம்மா கேக்குறேன்" என்றார். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு லில்லி புஷ்பம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையும் முன்வரிசையில் எடுப்பான குரலும் நினைவுக்கு வரும். தொழிற்சாலைக்காரர்களுக்கு முதலுதவி அறையும் டிஞ்சர் வாசனையும் வரும். எனக்கு மாதத்தின் முதல் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருகிறது. பதினைந்து வருடங்கள், அந்தச் சாயங்காலங்களில் அவர் சொல்ல நான் அடித்தேன். அந்த வேலையைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தெரியும்.

என் நைனா அத்திப்பட்டில் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர். அந்த வயலெல்லாம் கம்பெனியான பிறகு, அதே வயலில் எழுந்த ஒரு கம்பெனியின் கேட்டில் காவல்காரர் ஆனார். அவருடைய மகள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு அறையில் சொந்தமாக இன்ஸ்டிட்யூட் வைத்தது எண்பதுகளின் தொடக்கத்தில். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், நர்ஸ் உடுப்போடு ஒரு அம்மாள் உள்ளே வந்து கையால் எழுதிய ஒரு ஆங்கிலத் தாளை நீட்டினார்.

"இத டைப் அடிச்சுத் தரணும். யாருக்குன்னு கேட்டா சொல்லுதேன். கேக்காட்டாலும் சொல்லிருதேன்" என்றார். பேச்சைக் கேட்டதுமே திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

கடிதம் சோவியத்து நாட்டில் ஒரு சிறை முகாமில் இருக்கும் பாவெல் என்கிற தச்சருக்கு. அரசாங்கத்திடம் பதிவு செய்யாமல் தன் வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி ஜெபம் பண்ணினார் என்பது அவர் மேல் உள்ள குற்றம். அப்படிச் சிறையில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று உங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்ததாம். எல்லோருமாகச் சேர்ந்து எல்லோருக்காகவும் ஜெபித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், எனக்கு அது போதவில்லை, நான் ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டேன் என்றார் அக்கா. "மொத்தமா சொன்னா ஒருத்தரையும் சொன்ன மாதிரி இல்ல பாத்துக்க. ஆளுக்கு ஒரு பேரு இருக்குல்லா?"

நான் நம்பவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டிலிருந்து தமிழில் வருகிற வழவழப்பான பத்திரிகைத் தாளில்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் நோட்டுக்கு அட்டை போட்டார்கள். அதில் கோதுமை வயலும் சிரித்த முகமும்தான் இருக்கும். சிறை எங்கே இருந்தது? ஆனால் எனக்கென்ன, தாள் வந்தால் அடித்துக் கொடுப்பது தொழில். அடித்தேன்.

நான் படித்ததெல்லாம் வியாபாரக் கடிதம். கை தானாக அதே அமைப்பில் போய்விட்டது. எல்லாம் ஆங்கிலத்தில்தான். மேலே 'கடித எண்: 1'. அதற்குக் கீழே 'பொருள்: தாங்கள் சிறையில் இருப்பது தொடர்பாக'. 'பார்வை: இல்லை'. முடிவில் 'தங்கள் உண்மையுள்ள'. பின்பக்கத்தில் என் இன்ஸ்டிட்யூட்டின் ரப்பர் ஸ்டாம்ப். அக்கா அதை வாங்கிப் படித்தார். முதலில் உதட்டைக் கடித்தார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கு முகம் சிவந்து, "கொடுங்க, வேற அட்ச்சித் தரேன்" என்று பிடுங்கப் போனேன். அவர் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும். அங்க கடிதத்தப் பிரிச்சுப் படிக்கிற ஆபீசருக்கு இதுதான் பழக்கமான எழுத்தா இருக்கும். நம்பர் போட்டியே, அத மட்டும் விட்டுராத. நாளைக்கு ஒண்ணு போயி ஒண்ணு போகாட்டா, எத்தன வந்துச்சு எத்தன வரல்லன்னு அவருக்குத் தெரியும்லா" என்றார். அவர் வாடகை வீடு மாற்றிக்கொண்டே இருந்ததால் அனுப்புநர் முகவரியும் என் இன்ஸ்டிட்யூட் முகவரிதான் என்று ஆனது.

அன்றிலிருந்து மாதம் ஒரு கடிதம். அக்காவுக்கு அதில் சில கட்டுப்பாடுகள் உண்டு. அரசாங்கத்தைத் திட்டக்கூடாது. வேத வசனத்தை அள்ளிக் கொட்டக்கூடாது. ஏன் என்று கேட்டேன். "வசனம் அவருக்கு நம்மள விட நல்லாத் தெரியும். அதுக்காகத்தான உள்ள இருக்காரு. அவருக்குத் தெரியாதது அம்பத்தூருதான்" என்றார். அதனால் அம்பத்தூரை எழுதினோம். வெயில் எப்படி, ஏரியில் எவ்வளவு தண்ணீர், பாடியில் லாரியும் மாட்டுவண்டியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு எத்தனை நேரம் நின்றன, கத்தரிக்காய் இந்த வருடம் ஏன் கசக்கிறது. ஒவ்வொரு கடிதமும் ஒரே வரியில் முடியும்: 'இந்தக் கடிதத்தைத் திறந்து படிக்கும் அதிகாரி ஐயா அவர்களுக்கும், அவர் வீட்டாருக்கும் எங்கள் வணக்கம்.'

இந்த வரியை முதல்தடவை அடிக்கச் சொன்னபோது நான் கையை எடுத்துவிட்டேன். "அந்தாளு தான் புட்ச்சி வெச்சிக்கீறான். அவனுக்கு இன்னாத்துக்குக்கா வணக்கம்?" என்றேன்.

"நம்ம வீட்டுக்கு யாரு வந்தாலும் வாங்கன்னு சொல்லுதோம். கடிதத்துக்குள்ள வந்தவர மட்டும் சொல்லாம விடுறதா?" என்றார் அக்கா.

என் வீட்டில் இதற்கு வரவேற்பு இல்லை. என் கணவர் சேகர் பாடியில் ஃபிட்டர், சங்கத்து ஆள், செங்கொடிக்காரர். அந்த நாட்டின் மேல் அவருக்கு இருந்த காதலில் கால்பங்கு என் மேல் இருந்திருந்தால் நான் பாக்கியசாலி என்று நான் கேலி செய்வது உண்டு. வேலை முடிந்து பஸ் பிடித்து நகரத்துக்குப் போய், மாலை வகுப்பில் இரண்டு வருடம் ரஷ்ய மொழி படித்து வந்தவர் அவர். பேசத்தான் ஆள் கிடையாது. அவர் அக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "சிஸ்டர், அது தொழிலாளிங்க நாடு. ஒரு தச்சனைப் புட்ச்சி எதுக்கு உள்ள போடுவான்? அமெரிக்காக்காரன் கட்டி உட்ட கதை. நீங்களும் நம்பிகினு கீறீங்க, இவளும் உக்காந்து அட்ச்சினு கீறா."

அக்கா கோபப்படவில்லை. "தம்பி சொல்லுதது நெசமா இருந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம். அந்த மனுசன் வீட்டுல சுகமா இருக்காருன்னு அர்த்தம். சுகமா இருக்கிறவருக்கும் ஒரு கடிதம் போனா குத்தமில்ல" என்றார். சேகர் டீ வாங்கிவரப் போய்விட்டார்.

பதில் வரவில்லை. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம். கிணற்றில் போட்ட கல்தான். அந்த மனிதருக்கு இப்படி ஒருத்தி எழுதுகிறாள் என்பதாவது தெரியுமா என்பது ஒன்றே அக்காவின் கவலை. அவர் விடுதலை ஆவாரா என்றுகூட அவ்வளவாகக் கேட்கமாட்டார். "உள்ள இருக்கிறவனுக்குப் பசி பெருசில்ல கோமதி. எல்லாரும் நம்மள மறந்துட்டாங்கன்னு ஒரு நாள் தோணும் பாரு, அன்னைக்குத்தான் ஆளு உடைஞ்சுபோவான்" என்பார். இரவு ஷிப்டில் அடிபட்டு வந்து தனியாகப் படுத்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நாற்பத்தோராம் கடிதத்துக்கு வருகிறேன். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வார்டில் என் பக்கத்தில் நின்றவர் அக்காதான். குழந்தையை முதலில் வாங்கியதும் அவர்தான். அந்த மாதக் கடிதத்தில் அதையே எழுதச் சொன்னார். ஏரி நிரம்பிவிட்டது, பாடிச் சாலையில் முழங்கால் தண்ணீர், இந்தக் கடிதங்களை அடிக்கும் கோமதிக்கு ஏழு வருடம் கழித்து மகள் பிறந்திருக்கிறாள், குழந்தையின் வலது காதில் ஒரு மச்சம் இருக்கிறது. குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் அடித்தேன். அடித்து முடித்ததும் எனக்கு மனசு நிறைந்திருந்தது. நல்ல சேதி சொல்லும் கடிதத்தை வெறும் கடிதமாகவா அனுப்புவார்கள்? சமையலறைக்குப் போய் மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்து, தாளின் நான்கு மூலையிலும் உறையின் நான்கு மூலையிலும் தடவி, உலர்த்தி, தபாலில் சேர்க்கச் சொல்லி சேகரிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் இதை நான் பெருமையாகத்தான் அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"என்ன காரியம் பண்ணுன? அங்க ஒரு தாளுல கறை இருந்தாலே மை, மருந்து, ரகசியம்னு நினைப்பாங்க. அந்த மனுசனக் கூப்பிட்டு விசாரிச்சா அவரு என்ன சொல்லுவாரு? அவருக்கு மஞ்சள்னா என்னன்னு தெரியுமா?"

எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. என் குழந்தைக்குப் பூசுகிற மஞ்சளை, எங்கள் மங்கலத்தை, கறை என்கிறாள் இவள் என்று கேட்டது. பிள்ளை பெற்ற உடம்பு வேறு. வாயில் வந்ததைச் சொன்னேன். "உங்க சாமிக்கு மஞ்ச ஆவாதுன்னு நேரா சொல்லிட்டுப் போங்க. எதுக்கு அந்தத் தச்சர் பேரைச் சொல்லிகினு?"

"மஞ்சளுக்கு நான் என்னத்துக்குட்டி பயப்படுதேன்? நான் பயப்படுதது அந்த ஆளுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவர் வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தச்சருக்காக உபவாச ஜெபம் என்று சாப்பிடாமல் கிடக்கிறார் என்று முனுசாமி வந்து சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தடவிய நாலு சொட்டு மஞ்சளுக்காக எங்கோ ஒருவர் அடி வாங்கினால்? அவருக்கும் ஒரு குழந்தை இருக்குமே? குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்தது.

அதற்கடுத்த மாதம் அக்கா தானாகவே வந்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "நாப்பத்திரண்டுன்னு போடு" என்றார். மஞ்சள் பேச்சை அவர் எடுக்கவில்லை. எனக்கு எடுக்கத் துணிவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மாதப் பட்டியலில் பாவெலின் பெயர் இல்லை. வெளியே வந்துவிட்டாரா, செத்துப்போனாரா என்று அதில் ஒன்றும் இல்லை. கேட்டு எழுதியதற்கும் சரியான விவரம் வரவில்லை. "பேரு இல்லேங்கிறதால ஆளு இல்லேன்னு ஆயிருமா?" என்று சொல்லி அக்கா அதே முகாமுக்கு மேலும் சில மாதம் எழுதினார். பிறகு வேறொரு பெயரை எடுத்துக்கொண்டார். ஆனால் ஜெபத்தில் பாவெலின் பெயரையும் விடவில்லை. உங்கள் சபையில் ஒருவர், "இன்னுமா அவரு, விட்டுரலாமே சிஸ்டர்" என்று கேட்டதாகவும் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்ததாகவும் கேள்விப்பட்டேன். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு வருடம் போயிருக்கும். என் இன்ஸ்டிட்யூட் முகவரிக்குத் தடித்த உறையில் ஒரு கடிதம் வந்தது. நான்கு தாள், இரண்டு பக்கமும், நீல மையில், எங்களில் யாராலும் படிக்க முடியாத எழுத்து. சேகர் வாங்கிப் பார்த்தார். "ரஷ்ய பாஷை" என்றார். படித்துவிட்டுப் பயன்படுத்த இடமில்லாமல் இருந்த மொழி. அகராதியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, ஒரு வாரம் உட்கார்ந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "இரு, முழுசா ஆவட்டும்" என்றார். அவருடைய பேச்சு அந்த வாரம் குறைந்துபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அக்காவை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். சேகர் நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்ததைப் படித்தார். நான் நினைவிலிருந்து எழுதுகிறேன்.

பாவெல் உயிரோடு இருந்தார். வீட்டுக்கு வந்து, மனைவியோடு இருந்தார். முகாமில் இருந்த காலம் முழுக்க அவருக்கு எங்கள் கடிதம் எதையும் கொடுக்கவில்லை. ஒரு நாள் மட்டும் அவரை விசாரணை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை மேசையில் வைத்தார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள். இந்தியாவில் உனக்கு யார், இது என்ன மருந்து, இந்த நிறுவனம் எப்படிப்பட்டது என்று கேட்டார்கள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் கேட்டார்கள். கேள்வி கேட்பதற்காக மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கடிதத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார்கள். ஏரி நிரம்பியது என்றால் என்ன? ஏழு வருடம் என்றால் என்ன கணக்கு? காதில் மச்சம் யாருடைய அடையாளம்? திரும்பத் திரும்பப் படித்ததில் கடிதம் முழுவதும் தனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தார். அனுப்பியவர் முகவரியும் அப்படித்தான் மனதில் நின்றது. கடைசி வரியில், திறந்து படிக்கும் அதிகாரிக்கு வணக்கம் என்கிற இடத்தில், விசாரித்தவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறுத்தினாராம்.

அடுத்த பகுதிக்கு வந்ததும் சேகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார்: 'மேலே நாற்பத்தொன்று என்று போட்டிருந்தது. அது என்ன சங்கேதம் என்று அவர்கள் கேட்டார்கள். தெரியாது என்றேன். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. இதற்கு முன்னால் நாற்பது கடிதங்கள் வந்திருக்கின்றன. நாற்பது தடவை யாரோ உட்கார்ந்து என்னை நினைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த வாரம் நான் கையெழுத்துப் போடுவதாக இருந்தேன். இனி ஜெபக்கூட்டம் நடத்தமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.'

மஞ்சளுக்குப் பதில் சொல்லாததற்கும் கையெழுத்துப் போடாததற்கும் சேர்த்து அவரை ஐந்து நாள் குளிர் அறையில் போட்டார்கள் என்றும் இருந்தது. அதையும் சேகர் விடாமல் படித்தார்.

 குழந்தை அக்காவின் பைபிள் பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே, "அஞ்சி நாள் என்னாலதான்கா" என்றேன். அப்படி இல்லை என்று அவர் என்னைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பொய் சொல்லித் தேற்றுகிறவர் இல்லை.

"ஆமா. குளிரும் உன்னாலதான் வந்துச்சு, கடிதமும் உன்னாலதான் போயி சேந்துச்சு. ரெண்டையும் வச்சுக்க" என்றார். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். "நான் சுத்தமா அனுப்புன கடிதம் ஒண்ணுகூட அவரு கண்ணுல படல்ல பாத்தியா."

சேகர்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "நான் அந்த நாட்ட நேசிச்சேன் சிஸ்டர்" என்றார்.

"அத விட்டுராதீங்க தம்பி. அந்தத் தச்சரும் அந்த நாட்டுக்காரருதான" என்றார் அக்கா.

கடிதத்தின் முடிவில் பாவெல் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். அந்த மஞ்சள் என்ன? எங்கள் நிறுவனத்தில் எத்தனை ஊழியர்கள், அத்தனை பேருக்கும் தன் வணக்கத்தைச் சொல்ல முடியுமா? இரண்டு அறையும் பதினான்கு மெஷினும் ஒரு கோபக்காரியும்தான் அந்த நிறுவனம் என்று பதில் எழுதினோம். அந்தப் பதிலை சேகர் தன் கையாலேயே ரஷ்ய மொழியில் எழுதினார். மஞ்சள் என்ன என்று விளக்க மட்டும் ஒரு பக்கம் ஆயிற்று.

உங்களில் சிலருக்கு என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கும். அவ்வளவு வருடப் பழக்கத்தில் லில்லி சிஸ்டர் உன்னைச் சபைக்குக் கூப்பிடவே இல்லையா என்று சாவு வீட்டிலேயே ஒருவர் கேட்டார். இல்லை. ஒரு முறை நானே வம்புக்குக் கேட்டேன், "ஏன்கா, என்னை மட்டும் உட்டுட்டீங்க?" என்று. "நீ கேட்டா எல்லாம் சொல்லுவேன், ஒளிக்கமாட்டேன். கேக்காதவகிட்ட சொல்லிட்டே இருந்தா, அவ கதவத் தொறக்கவே பயப்படுவா" என்றார். நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. என் வீட்டுப் பூஜை அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தன் ஜெபத்தைச் சொல்வார். அவர் முடிக்கும் வரை நான் மணியடிக்காமல் இருப்பேன். நான் மணியடித்து முடிக்கும் வரை அவர் டீ டம்ளரைத் தொடமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு ஆடி மாதம், கூழ் ஊற்றும் வாரத்தில், எங்கள் தெரு அம்மன் கோயில் ஒலிபெருக்கி உங்கள் ஜெப வீட்டுக்கு நேராக இருந்தது. உங்கள் ஆட்கள் நாலு பேர் போலீசுக்கு ஒரு புகார் எழுதி, அதை என்னிடமே டைப் அடிக்கக் கொண்டுவந்தார்கள். நான் அந்தக் கோயிலுக்கு வேண்டுதல் உள்ளவள். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துக்கு அக்காவிடம் போனபோது அவர் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டார். "முகம் தெரியாத ஆபீசருக்கு மாசாமாசம் வணக்கம் எழுதுதோம். தெருமுனையில இருக்கிறவருக்கு நேர்ல ஒரு வணக்கம் சொல்லப்படாதா?" என்று கேட்டுவிட்டு, தனியாகவே கோயில் கமிட்டிக்காரர்களிடம் போனார். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் மட்டும் ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள். "இன்னா சிஸ்டர், இதுக்கு நீங்க வரணுமா? சொல்லி அனுப்பிச்சா போதாதா?" என்றார் தலைவர். அந்த ஆடியிலிருந்து இன்றுவரை குழாய் வேறு பக்கம்தான் பார்க்கிறது.

அவரிடமிருந்து எனக்கு வந்த பொருள் என்று பார்த்தால் ஒரு பெட்டி நிறைய அந்தக் கடிதங்களின் கார்பன் நகல்கள்தான். அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் தங்கை அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பெட்டி மட்டும் இல்லை. எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் பெயர் கேட்டுத் தெரிந்துகொள்வது, முகம் தெரியாதவரிடமும் மரியாதையாக எழுதுவது, என்னால் ஒருவருக்கு வந்த கெடுதலையும் நல்லதையும் கழித்துக்கொள்ளாமல் இரண்டையும் சுமப்பது. கோபம் மட்டும் போகவில்லை. அதை அவர் மாற்ற முயன்றதும் இல்லை.

பெட்டியில் மேலாக இருந்த நகலில் அக்கா கடைசியாக எடுத்துக்கொண்ட பெயர் இருந்தது. வேறொரு நாட்டில், வேறொரு சிறையில், ஒரு பெண். அவரும் தன் நம்பிக்கைக்காகத்தான் உள்ளே இருக்கிறார். நாடு எது என்று இங்கே எழுதவில்லை. எழுதினால் இடைஞ்சல் அவருக்குத்தான் என்பது அக்காவிடம் நான் தெரிந்துகொண்ட பாடம். அந்தப் பெண்ணிடமிருந்தும் இதுவரை பதில் இல்லை. அக்கா போய்விட்டார் என்பது அவருக்குத் தெரியாது. கடிதம் நின்றுபோனால், தன்னை மறந்துவிட்டார்கள் என்றுதான் அவர் நினைப்பார்.

போன முதல் சனிக்கிழமை சாயங்காலம் மெஷினில் தாளைச் சொருகி உட்கார்ந்தேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. பதினைந்து வருடங்களில் இந்தக் கடிதங்களில் என் சொந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அவர் சொன்னார், நான் அடித்தேன். பக்கத்து நாற்காலியில் இப்போது சொல்ல ஆள் இல்லை. சேகர் எட்டிப் பார்த்து, "இன்னா எழுதப் போற?" என்றார். தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அடித்தேன்:

'அம்மா, இதுவரை உங்களுக்கு எழுதிவந்த லில்லி இறந்துவிட்டார். இனி நான் எழுதுவேன். நான் உங்கள் மதத்தைச் சேர்ந்தவள் இல்லை. உங்கள் மொழி எனக்குத் தெரியாது, உங்கள் முகம் எப்படி இருக்கும் என்றும் தெரியாது. உங்கள் பெயர் எனக்குத் தெரியும். தினமும் காலையில் எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது அதைச் சொல்லுகிறேன்.'